மலை இறங்கும்வரை

ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடியில் கோத்துக்கொண்ட நீரை லீலா ஒரு பழைய துண்டால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தில் அப்பாவின் முகம் தெரியும். அடுத்த நிமிஷமே மறுபடி மங்கிவிடும். காலையிலிருந்து கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கி வருகிறேன் என்று போன பெட்டிக்காரன் ஸ்ரீபெரும்புதூரிலேயே குடியேறிவிட்டான் போலிருந்தது. நேற்று வியாழக்கிழமை காலையில் செத்தவரை இன்று மத்தியானம்வரை வைத்திருப்பதே அதிகம் என்று பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் அவள் காதுபடவே பேச ஆரம்பித்திருந்தார்கள்.

"அண்ணி, கொஞ்சம் இங்க வாயேன்" என்று சமையற்கட்டு ஓரத்திலிருந்து ரத்னா கூப்பிட்டாள். சித்தப்பா மகன் ஜோதியின் பெண்டாட்டி. கையில் புருஷனுடைய போன் இருந்தது.

"இன்னாடி?"

"இது இன்னிக்கிக் காலைல போட்டதாம். நீயே பாரு. நான் ஒன்னியும் சொல்லல."

பேஸ்புக்கில் ஒரு படம். லீலாவின் தம்பி மோகன் மோட்டார் சைக்கிளில் காலை அகட்டி உட்கார்ந்திருந்தான். பின்னால் வெள்ளை வெளேரென்று பனிமலை. ஹெல்மெட்டை டேங்க் மேல் வைத்துக்கொண்டு, முப்பத்திரண்டு பல்லையும் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். கூடப் போயிருந்த நண்பன் மகாராஜா கீழே எழுதியிருந்தான்: முக்திநாத் முடிந்தது, அடுத்தது திம்பு. ஊரில் பாதிப் பேர் அதற்கு லைக் போட்டிருந்தார்கள். அந்தப் பாதியில் நாலைந்து பேர் இப்போது பந்தலில்தான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

லீலாவுக்கு உச்சந்தலைவரை சூடு ஏறியது. அப்பன் செத்த மறுநாள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறானா?

"காட்மாண்டு வந்துட்டான், பிளேன் டிக்கெட் பாத்துக்கினு கீறான்னு மேல் ரூம்காரரு சொன்னாரே" என்றாள் ரத்னா. "இது மலை மேல இல்ல கீது?"

அப்பா தாண்டவராயன் ஒரு டயர் குடோனில் வாட்ச்மேன். நேற்றுக் காலை நைட் டியூட்டி முடித்து வந்து, சைக்கிளை நிறுத்தி, காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, காபி கொண்டா என்று மனைவி ராஜம்மாவிடம் சொன்னார். காபி வந்தபோது அவர் இல்லை. தண்டலத்துப் பக்கம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடியதெல்லாம் மனசு கேட்காமல் செய்தது. அங்கிருந்தே லீலா நேபாளத்து நம்பருக்குப் போன் போட்டாள். போனவர்கள் மூன்று பேருக்கும் சேர்த்து அந்த ஊர் சிம் ஒன்றுதான். அது சண்முகசுந்தரத்தின் போனில் இருந்தது. சங்கரன்கோவில் பக்கத்துப் பையன், ஒரகடத்துக் கம்பெனியில் மோகனோடு ஒரே லைனில் வேலை. "அப்பா பூட்டாரு சண்முகம். மோகன்கிட்ட சொல்லி ஒடனே கூட்டிக்கினு வா" என்றாள். அந்தப் பக்கம் காற்று இரைந்தது. "சரிக்கா, நான் பாத்துக்கிடுதேன்" என்றான். அதற்கப்புறம் அந்த நம்பர் அவளுக்குக் கிடைக்கவே இல்லை. மாடி ரூமில் வாடகைக்கு இருக்கும் வனமாமலைதான் கீழே இறங்கி வந்து அவ்வப்போது செய்தி சொல்லிவிட்டுப் போவான். கிளம்பிட்டான்க்கா. காட்மாண்டு வந்துட்டான்க்கா. டிக்கெட் பாக்கான்க்கா.

அவன் பேச்சை நம்பி ஒரு தெருவே காத்துக்கொண்டிருந்தது. காத்திருப்பதும் லேசான காரியம் இல்லை. தெருக்கோடியில் பெருமாள் கோயில். தெருவில் பிணம் கிடக்கும்வரை நடை திறக்கக் கூடாது. நாளைக்குப் புரட்டாசி மூன்றாம் சனி, வல்லக்கோட்டை வரைக்கும் சுற்றுப்பட்டு ஜனமெல்லாம் வரும். இன்று பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும். ஆனால் கொள்ளி வைக்க வேண்டியவன் ஒரே மகன். "எம்புள்ள வராம அந்த மனுசன ஒருத்தரும் தொடக் கூடாது" என்று ராஜம்மா பெட்டியின் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

லீலாவும் அதையே சொன்னாள். ஆனால் அவள் காரணம் வேறு. அவன் வர வேண்டும். வந்து இந்த முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, மூன்று நாடு சுற்றியது எப்படி இருந்தது என்று அவன் வாயாலேயே சொல்ல வேண்டும். அதைக் கேட்பதற்காகவே அவள் நேற்றிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் நின்றுகொண்டிருந்தாள்.

போனைப் பிடுங்கிக்கொண்டு மாடி ஏறினாள்.

இந்தப் பயணமே அவளுக்கு ஆகாது. இரும்புத் தகடு அழுத்தும் ஒரே பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கும் நாலு பேர், ஓ.டி. பார்த்த காசையெல்லாம் வண்டியில் போட்டு, ஒரு வருஷமாக மேப்பை விரித்து வைத்துக்கொண்டு பேசினார்கள். இந்தியா, நேபாளம், பூட்டான். வீட்டில் விட வேண்டுமே என்று மோகன் சாமர்த்தியமாக ஒரு வேலை செய்தான். முக்திநாத் பெருமாள் கோயில், நூற்றெட்டுத் திருப்பதியில் ஒன்று என்று எடுத்துவிட்டான். கோயில் என்றதும் அம்மா கவிழ்ந்தாள். ரோடு எப்படி இருக்கும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. லீலா மட்டும்தான் கத்தினாள். முப்பது வயசாகப் போகிறது, பெண் பார்க்கிற நேரத்தில் சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு ஊர் சுற்றக் கிளம்புகிறவனை என்னவென்று சொல்வது? "வுடு லீலா, போய்ட்டு வரட்டும். நான் திருப்பதிய தாண்டினதில்ல" என்றார் அப்பா. வல்லக்கோட்டை முருகன் கோயில் வாசலில் வண்டிகளுக்கு மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு கிளம்பினார்கள். நாலு பேரில் வனமாமலை மட்டும் போகவில்லை. கிளம்புவதற்கு முந்தின வாரம் வாலாஜாபாத் ரோட்டில் லாரி கொட்டிவிட்டுப் போன மணலில் சறுக்கி, இடது கையை உடைத்துக்கொண்டான்.

அந்த மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான்.

"மோகன் எங்க கீறான்?"

"அதான்க்கா, காட்மாண்டுல..."

லீலா போனை அவன் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள். அவன் பார்த்தான். "இந்த மகாராஜாப் பயல..." என்று பல்லைக் கடித்தான். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அவனுக்குத் தெரியாதுக்கா."

"இன்னா தெரியாது?"

"அப்பா விசயம். அவன்ட்ட இன்னும் சொல்லல."

கீழே யாரோ புதிதாக வந்திருப்பார்கள். ஒப்பாரி ஒரு முறை எழும்பி அடங்கியது.

"நேத்து காலைலயே நான் சொன்னனேடா."

"சண்முகம்ட்ட சொன்னிய. அவன் எனக்குப் போன் போட்டு அழுதான். நாங்க ரெண்டு பேரும் பேசித்தான் முடிவு பண்ணோம். மலைய விட்டு எறங்கட்டும், எறங்குன பொறவு சொல்லிரலாம்னு. மகாராஜாக்குக்கூடத் தெரியாது, அவனுக்கு வாய் நிக்காது. ஒரே நாள்ல எறங்கிருவானுவன்னு நெனச்சோம்க்கா. நடுவுல ரோடு சரிஞ்சு விழுந்துட்டு. நேத்துப் பூரா மேலயே மாட்டிக்கிட்டானுவ."

"முடிவு பண்ணீங்களா? நீங்க யார்ரா முடிவு பண்றதுக்கு? செத்தது ஒங்கப்பனா?"

வனமாமலை தலையைக் குனிந்துகொண்டான். "மெசின்ல கை இருக்கவன்ட்ட சாவு சொல்லக் கூடாதுக்கா" என்றான்.

அவன் சொன்னது அவளுக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் இன்னும் கோபம் வந்தது. அவர்கள் ஷாப்பில் முப்பிடாதி என்று ஒருவன் இருந்தான். அவனும் தெற்கத்திப் பையன்தான். ஒரு நாள் அவன் பிரஸ் ஓட்டிக்கொண்டிருக்கும்போது, ஊரிலிருந்து போன், உங்க அம்மா போயிட்டாங்களாம் என்று யாரோ லைனுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்திவிட்டான். முப்பிடாதி திரும்பினான். தகடு வைத்த கை உள்ளேயே இருந்தது. தாய்க்குக் கொள்ளி வைக்கப் போக வேண்டியவன் விரல்களை இழந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். அதற்குப் பிறகு மோகன்தான் லைன் முழுக்கப் பேசி ஒரு வழக்கம் கொண்டுவந்தான். எப்பேர்ப்பட்ட செய்தி வந்தாலும் முதலில் மாற்று ஆளை நிறுத்து, மெஷினை விட்டு வெளியே கூட்டி வா, உட்கார வை, ஒரு டீ வாங்கிக் கொடு, அப்புறம் சொல். சூப்பர்வைசர்கூட அதை மீறுவதில்லை. இதையெல்லாம் மோகன் ஒரு நாள் இந்த வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்லியிருக்கிறான். அப்பா அதைக் கேட்டு, நல்ல காரியம் பண்ணடா என்றார்.

"அது பிரஸ்ஸு. இது எங்கப்பன்" என்றாள் லீலா. "எங்கப்பன் பொணம் இன்னா ஒங்க கம்பெனி லைன்ல ஓடற ஐட்டமா? ஒருத்தன் சாவ அவன் புள்ளைக்கு மறைக்கறதுக்கு ஒங்களுக்கு யாரு ரைட்ஸ் குடுத்தா?"

"அந்த ரோடும் மெசின் மாதிரிதான்க்கா. வண்டி போறது ஒரு ஆள் அகலம். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒண்ணுமே கெடையாது, கீழ ஆறு. நல்லா இருக்கவனே நடுங்கிக்கிட்டுத்தான் எறங்கணும்."

"வண்டிய அங்கியே கடாசிட்டு ஜீப்பு புட்சி வர்றது?"

"நீங்களே சொல்லுங்க. அப்பா போயிட்டாவன்னு கேட்டா ஒங்க தம்பி ஜீப்புக்குக் காத்துக்கிட்டு நிக்கக்கூடிய ஆளா?"

மோகன் நிற்க மாட்டான். பள்ளிக்கூடத்து நாளிலிருந்தே அவன் அப்படித்தான். அப்பா வரப்பில் விழுந்துவிட்டார் என்று கேட்டு, மண்ணூரிலிருந்து செருப்பில்லாமல் ஓடிவந்தவன். ஆத்திரத்தில் அவள் கையில் அகப்பட்டது, ஆணியில் மாட்டியிருந்த வனமாமலையின் புது ஹெல்மெட். அதை எடுத்து மாடிப்படியில் வீசினாள். அது ஒவ்வொரு படியாக மோதிக் குதித்து, பந்தலுக்குள் உருண்டு போய், சித்தப்பாவின் காலடியில் நின்றது.

"காட்மாண்டாம், டிக்கெட்டாம். வாய் கூசலியா ஒனக்கு? ஊரயே காக்க வச்சியே. அந்தாளு தண்ணியா ஒழுகிக்கினு கீறாருடா கீழ!"

வனமாமலை அழுதான். அதைப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அழ வேண்டியவர்களை அழவிடாமல் செய்துவிட்டு, இவன் அழுகிறான்.

"அந்த நம்பரப் போடு" என்றாள்.

நேற்றிலிருந்து அவளுக்குக் கிடைக்காத நம்பர் இப்போது அவன் போனில் கிடைத்தது. சண்முகசுந்தரம்தான் எடுத்தான். பின்னால் லாரிகளின் ஹாரன் சத்தம் விடாமல் கேட்டது.

"சண்முகம், எனக்கு எல்லாம் தெரிஞ்சிபோச்சி."

"அக்கா..." என்றான். "காலைலேருந்து அவன் பின்னாலயே ஓட்டிட்டு வாரேன்க்கா. அவன் வண்டி கொஞ்சம் ஆடுனாலும் எனக்கு உசிரு போயி வருது. ஊருக்குப் போனதும் மொத வேலையா ஒங்க வீட்டு மீன்கொழம்புதான்னு சொல்லிட்டு வாரான். நானும் சிரிச்சிட்டு வாரேன்."

"சிரிச்சிக்கினு வர்றியா? நல்லாரு. இப்ப போனை அவன்கிட்ட குடு. நீ சொல்ல வேணாம், நான் சொல்றேன்."

"அவன் முன்னால இருக்கான்க்கா. ரோட்ட மறிச்சி மண்ண அள்ளுதானுவ. இன்னும் கொஞ்ச தூரந்தான்க்கா, இந்த எறக்கம் மட்டும்..."

"குடுடா அவன்கிட்ட!"

லைன் போய்விட்டது. மறுபடி போட்டால் ஏதோ புரியாத பாஷையில் ஒரு பெண்பிள்ளை பேசினாள்.

லீலா கீழே இறங்கி வந்து பந்தலின் நடுவில் நின்றாள். "மோகன் வரல" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "அவன் இன்னும் மலை மேலதான் கீறான். அப்பா செத்தது அவனுக்குத் தெரியாது. இவனுங்க சேந்து மறைச்சிட்டானுங்க."

பந்தல் கொதித்தது. ஜோதி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிப்படியை நோக்கிப் போனான். லீலாவின் புருஷன் நரசிம்மன்தான் அவனைக் கட்டிப்பிடித்து நிறுத்தினான். வாடகைக்கு விட்டதே தப்பு என்றார் ஒருவர். தெற்கத்திக்காரன்களையே நம்பக் கூடாது என்றார் இன்னொருவர். அவர் வீட்டு மாடியில் ஆறு தெற்கத்திக்காரர்கள் வாடகைக்கு இருந்தார்கள். சித்தப்பா மட்டும் ஹெல்மெட்டை எடுத்து ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு, "இனிமே இன்னா பண்றது, அத்த சொல்லுங்க" என்றார்.

ராஜம்மா பெட்டிக் காலை விட்டு எழுந்து வந்தாள். "புள்ள நல்லா கீறானா?" என்றாள்.

"அவனுக்கு இன்னா கேடு? இந்தா பாரு, பல்ல இளிச்சிக்கினு கீறான்."

அம்மா போனை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். கட்டைவிரல் பட்டுப் படம் நகர்ந்துவிட, ரத்னா அதைத் திரும்பக் கொண்டுவந்து காட்ட வேண்டியிருந்தது.

"எளச்சிட்டான்" என்றாள் ராஜம்மா. பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சித்தப்பாவைப் பார்த்து, "எடுத்துடுங்க. ஜோதியே வைக்கட்டும்" என்றாள்.

லீலாவுக்கு அம்மா மேல் வந்த கோபம் வேறு யார் மேலும் வந்ததில்லை. நேற்றிலிருந்து ஊரோடு மல்லுக்கு நின்று பெட்டிக் காலைக் கட்டிக்கொண்டு கிடந்தவள், ஒரு போட்டோவைப் பார்த்ததும் விட்டுக்கொடுத்துவிட்டாள். இனி அவன் வர வேண்டும் என்று சொல்ல லீலா ஒருத்திதான் மிச்சம். "அதெப்படி ஜோதி வைப்பான்? பெத்த புள்ள உசுரோட கீறான்" என்று பாய்ந்தாள். "வுடு லீலா" என்றான் நரசிம்மன். "இன்னாத்த வுடறது? எல்லாரும் வுட்டு வுட்டுத்தான் அவன் இப்டிக் கீறான்!" ஆளாளுக்கு ஒரு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். இடுகாட்டுக்குக் கட்டை போயிற்று. மோளக்காரர்கள் தெருவோரம் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்ச ஆரம்பித்தார்கள்.

தாண்டவராயனை வெளியே எடுத்து, பெஞ்சில் கிடத்திக் குளிப்பாட்டினார்கள். பெட்டிக் குளிரில் விறைத்திருந்த உடம்பின் மேல் வெந்நீர் ஊற்றியபோது ஆவி எழுந்தது. குடோனில் அவரோடு வாட்ச்மேனாக இருந்த பெரியவர் மாலையோடு வந்து நின்றார். லீலாவைப் பார்த்து, "நைட்டெல்லாம் உந்தம்பி பேச்சுதாம்மா. இன்னிக்கி எந்த ஊர்ல கீறான், எந்த மலை ஏறுறான்னு வர்ற லாரி டிரைவருங்ககிட்டயெல்லாம் சொல்வாரு. எம்மவன் மூணு நாட்ட பாத்துட்டு வருவான்னு" என்றார்.

அவன் ஊர் சுற்றுவதற்கு, பெஞ்சில் கிடக்கும் இந்த மனுஷனும்தான் காரணம் என்று லீலா நினைத்துக்கொண்டாள். செத்துக்கிடக்கிற அப்பாவை அவளால் திட்ட முடியவில்லை. திட்டத் தோன்றியது மட்டும் உண்மை.

வாய்க்கரிசி போட்டாகிவிட்டது. பாடை தெருவுக்கு வந்துவிட்டது. ஜோதி தலையை மழித்துக்கொண்டு, ஈர வேட்டியோடு கொள்ளிச் சட்டியை ஏந்தி நின்றான். மோளம் காதைக் கிழித்தது. நாலு பேர் குனிந்து பாடையில் கை வைத்த நேரத்தில், லீலாவின் இடுப்பில் சொருகியிருந்த போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். அந்த நம்பர்தான்.

"அவன்தான்" என்றாள்.

மோளச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்டிருக்காது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. மாடிப்படியின் கடைசிப் படியில், யார் கண்ணிலும் படாமல் நின்றிருந்த வனமாமலை அவளைப் பார்த்தான். வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் அந்த இடத்திலேயே அவனை அறைந்திருப்பாள்.

காதில் வைத்தாள்.

"அக்கா! நான்தான். போன் பண்ணியாமே? சண்முகம் சொன்னான், இன்னா விசயம்?"

அவன் குரல் மேல் ஒரு பெரிய இரைச்சல் உட்கார்ந்திருந்தது. அப்பா பூட்டாருடா. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. நேற்றிலிருந்து அவள் வாயிலேயே இருக்கிற வார்த்தை.

"இன்னாக்கா சத்தம், மோளம் மாதிரி கீது?"

லீலா சட்டென்று இடது கையைத் தூக்கினாள். அடித்துக்கொண்டிருந்தவர்களின் குச்சிகள் அந்தரத்தில் நின்றன. மோளம் நின்றதும் பெண்களின் ஒப்பாரி மட்டும் தனியாகக் கேட்டது. ரத்னா ஓடி ஓடி ஒவ்வொருத்தியின் வாயையும் பொத்தினாள்.

"பெருமாள் கோயில்ல. நாளைக்கி மூணாஞ் சனியில்ல" என்றாள் லீலா. "அங்க இன்னாடா இரைச்சல்? வண்டிய ஆஃப் பண்ணிட்டுப் பேசு."

"ஆஃப் பண்ணா அவ்ளோதான். செல்ஃப் எடுக்கல, கிக்கரும் பூட்ச்சி. இந்தச் சேத்துல தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது. ரோடு இப்பத்தான் வுட்டானுங்க, முன்னாடி வண்டிங்க நகருது. போன ஹெல்மெட்டுக்குள்ள சொருகிக்கினு பேசறேன். நீ சொல்லு, கேக்குது."

கியர் விழுகிற சத்தம் கேட்டது. எஞ்சின் சத்தம் ஏறியது. அவன் இரண்டு கையும் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

தெருவில் அத்தனை பேரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாடையில் கை வைத்தவர்கள் குனிந்தபடியே நின்றார்கள். ஜோதியின் சட்டியிலிருந்து புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்ல" என்றாள். "சும்மாதான் போட்டேன்."

"அப்பா எங்க? அவராண்ட குடு. மேல கோயில்ல பனித்தண்ணி கொட்டற நூத்தியெட்டு கொழாயிலயும் தலைய வுட்டேன்னு சொல்லணும். எம்பேர்ல ஒரு தபா, அவர் பேர்ல ஒரு தபா. அந்தக் குளுருல செத்தே பூட்டேன்."

"குளிச்சிட்டு படுத்துக்கினாரு."

"நைட்டு டூட்டியா? சரி, எழுப்பாத." வண்டி எதிலோ ஏறி இறங்கியது. அவன் மூச்சு ஒரு முறை தடுக்கிப் பிறகு சீரானது. "இன்னாக்கா, குரலே சரியில்ல. திட்டாமகூட பேசற. ஒடம்பு சரியில்லியா? வூட்ல எதுனா..."

அவன் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டான். லீலா கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு வாயைத் திறந்தாள்.

"திட்டாம கொஞ்சுவாங்களாடா ஒன்ன? பொறுக்கி நாயே! வூட்ட வுட்டுப் போயி எத்தினி நாளாவுது? ஒரு போன் உண்டா? படம் புடிச்சி ஊருக்கெல்லாம் காட்டத் தெரியுது, பெத்தவங்கள ஒரு வார்த்த கேக்கத் தெரியல. வயசு முப்பது ஆவப் போவுது, இன்னும் ரோட்ரோடா சுத்திக்கினு கீற. ஒன்ன அப்பவே கால ஒடச்சி வூட்ல போட்டிருக்கணும். அப்பாதான் செல்லம் குடுத்துக் கெடுத்தாரு. வா நீ, வந்து இந்த வாசப்படில கால வை, அப்ப பேசிக்கறேன்!"

அவள் குரல் தெருவின் அந்தக் கோடிவரை கேட்டது. வாட்ச்மேன் பெரியவர் தலையிலிருந்த துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் மோகன் சிரித்தான். அவனுக்கு நிம்மதியாகிவிட்டது, சிரிப்பிலேயே தெரிந்தது.

"இது எங்கக்கா" என்றான். "சரி, கீழ எறங்கிட்டுப் போடறேன்."

"மெதுவா வா. ஒரு அவசரமும் இல்ல இங்க" என்றாள் லீலா. "சண்முகத்தப் பின்னாடி வுடாம கூடவே வா. எறங்கினதும் வண்டிய நிறுத்து. நிறுத்திட்டு அவன் இன்னா சொல்றானோ அதக் கேளு."

"அவன் இன்னா சொல்லப் போறான்? நேத்துலேருந்து வாயே தொறக்கல, குளுரு புட்ச்சிக்கிச்சி அவன" என்று சொல்லும்போதே எஞ்சின் சத்தம் பெரிதாகி லைன் அறுந்தது.

லீலா போனை இடுப்பில் சொருகிக்கொண்டாள். மோளக்காரர்கள் தூக்கிய குச்சியோடு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இன்னா பாத்துக்கினு கீறீங்க?" என்று கத்தினாள். "அடிங்க!"

ஒருவர் தயங்கித் தட்டினார். அப்புறம் எல்லாரும் அடித்தார்கள். பாடை தோளுக்கு ஏறியது. ஜோதி சட்டியோடு முன்னால் நடந்தான். பெண்கள் வாயைப் பொத்தியிருந்த கைகளை எடுத்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டு தெருவரைக்கும் ஓடிவந்தார்கள். ராஜம்மா மட்டும் வாசலிலேயே, வாய் நிறையத் திணித்துக்கொண்ட முந்தானையோடு, அதை இன்னும் எடுக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.